பிலெகேஷ் எந்த ஊர்க்காரி?

— அப்ப அவ எந்த ஊர்க்காரின்னு இன்னும் கண்டுபிடிக்கலையா நீங்க?

— அவ இல்ல மூக்காயி, அது. அது ஒரு வார்த்தை. பிலெகேஷ்.

— பொம்பளையச் சொல்ற வார்த்தைதானே? அப்ப அவதான்.

— சரி, அவதான். கவனி. எபிரேய வேதத்துல அவ பல எடத்துல வர்றா. ஆனா எபிரேய வார்த்தைன்னா உள்ளுக்குள்ள ஒரு வேர் இருக்கணும். இவளுக்கு அது பொருந்தி வரல. எபிரேயத்துக்கு ஒறவான அரபியில சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களான்னு தேடினா, ஆளே இல்ல. அதனால எபிரேயம் படிச்சவங்கள்ல பாதிப் பேரு, 'இவ எங்க ஆளு இல்ல, கிரேக்கத்துப் பக்கமிருந்து வந்தவ'ன்னு சொல்லிட்டாங்க.

— கிரேக்கத்துல இருக்காளா?

— இருக்கா. பல்லக்கிஸ்னு பேரு. சத்தமும் கிட்டத்தட்ட அதே, அர்த்தமும் அதே.

— அப்புறம் என்ன? ஊர் தெரிஞ்சு போச்சே.

— அதான் இல்ல. கிரேக்கம் படிச்சவங்களக் கேட்டா, 'எங்க வார்த்தையும் இல்ல, எங்கேயோ இருந்து வந்து எங்களோட ஒட்டிக்கிட்டவ'ங்கிறாங்க.

— இவங்க அங்க போங்கிறாங்க. அவங்க எங்க ஆளு இல்லங்கிறாங்க.

— ஆமா. அதான் சங்கதி.

— அதுக்கு எதுக்குங்க இத்தனை புஸ்தகம்? எங்க தோட்டத்து லயத்துல வந்து கேட்டிருந்தா ஒரு வாய் வெத்தலை போடுற நேரத்துல சொல்லியிருப்பாங்களே.

— சிரிக்காத புள்ள.

— சிரிக்கல. பயத்துல வாய் அப்படிப் பேசுது. அது கெடக்கட்டும், நம்ம தமிழ் வேதத்துல அவளுக்கு என்ன பேரு?

— அது எதுக்கு இப்ப?

— சொல்லுங்களேன்.

— மறுமனையாட்டி.

— அப்படின்னா?

— கட்டின பொஞ்சாதின்னு முழுசாச் சொல்ல முடியாதவ. ஆனா வீட்டுல இருப்பா. புள்ளையும் பெறுவா.

— ம்.

— மூக்காயி, நான் உன்ன மனசுல வச்சு அந்த வார்த்தையத் தேடல.

— நான் ஒண்ணும் சொல்லலையே. அவளுக்குப் பேருன்னு ஒண்ணு இருக்கான்னுதான் யோசிச்சேன். வார்த்தை கெடக்கு. அவளுக்கு, அந்தப் பொம்பளைக்கு.

— சில பேருக்கு இருக்கு. கிதியோன்னு ஒரு தளபதி வச்சிருந்தானே ஒருத்தி, அவளுக்கு இல்ல. அவ பெத்த மகனோட பேரு மட்டும் எழுதியிருக்கு. அபிமெலேக்கு.

— அது போதுங்க. புள்ளைக்குப் பேரு இருந்தா அதுல ஆத்தாளும் நின்னுருவா.

— தம்பி, பிளேன்டீ ரெண்டு. சீனி கேக்கப்படாது. கூப்பன் சீனி எங்கட ஊட்டுக்கே பத்தல்ல. கித்துள் கருப்பட்டித் துண்டு வச்சீக்கி, கடிச்சிக்கிட்டுக் குடிங்க.

— சந்தோசம் நானா.

— நேத்தும் வந்தீங்க தானே? இந்த வாங்குலதான் ஒக்காந்திருந்தீங்க. தனியா. நீங்களே ஒங்களோட பேசிக்கிட்டு.

— உள்ள போயி என்ன சொல்றதுன்னு சொல்லிப் பாத்துக்கிட்டு இருந்தேன் நானா.

— எல்லாரும் அப்படித்தான். எதிர்ல இந்திய ஆபீஸ் வந்த நாளையிலேருந்து பாக்கிறன். உள்ளுக்குப் போக முந்தி ஒரு டீ, வெளியில வந்து ஒரு டீ. ரெண்டாவது டீய யாரும் முழுசாக் குடிக்கிறல்ல. என் பேர் மர்சூக். கடைக்கு வாற எல்லாருக்கும் நான் அண்ணன், மர்சூக் நானா. ஒங்கட?

— சின்னமுத்து.

— இது யார், ஒங்கட சம்சாரமா?

— ஆமா நானா. என் சம்சாரம்.

— ஏங்க.

— என்ன?

— இன்னொரு தரம் சொல்லுங்க.

— என் சம்சாரம் நானா, இவ. பேரு மூக்காயி.

— கல்யாணம் முடிச்சு இத்தனை வருசத்துல வெளி ஆளுக்கு முன்னால என் காது கேக்க இப்பத்தாங்க சொல்றீங்க.

— அழாத. டீக்குள்ள விழுது பாரு.

— விழட்டும். சீனிதான் இல்லையே, உப்பாவது இருக்கட்டும்.

— நான் கேக்கிறன்னு கோவிக்க வாணாம் தம்பி. என்ன சிக்கல் ஒங்களுக்கு?

— எனக்கு சிலோன் பிரஜாவுரிமை கெடச்சிருச்சு நானா. இவ பேரு இவ அப்பா போட்ட மனுவுல இருக்கு. அதுக்கு இந்தியா கெடச்சிருச்சு. இராமையா, அவரு மகன், மகள் மூக்காயி. இந்தியாக் கப்பலுக்குத் தலைமன்னாருக்கு ரயில் ஏறச் சொல்லி நாளும் வந்திருச்சு.

— அப்ப நீங்க கல்யாணத்தப் பதியல்லையா?

— தோட்டத்து மாரியம்மன் கோயில்ல தாலி கட்டினோம். பதியல.

— தோட்டத்துல பதியிற ஆக்கள் எங்க ஈக்கி? தாலி கட்டின கையோட மலைக்கிப் போயிருவாங்க. இப்பதான் எல்லாரும் தலையில கைய வச்சிக்கிட்டு வாராங்க.

— மத்தவங்களுக்குத் தெரியாது நானா. எனக்குத் தெரியும். படிச்சவன். தெரிஞ்சுதான் பதியாம இருந்தேன்.

— ஏன்?

— நான் சொல்றேன் நானா. இவரு குண்டசாலைப் பக்கத்துல ஒரு மிஷன்ல குருமாருக்கு எபிரேயம் சொல்லிக் குடுக்கிறாரு. நான் மாரியம்மனுக்கு வெளக்கு வைக்கிறவ. பதிஞ்சா மிஷனுக்குத் தெரியும். தெரிஞ்சா வேலை போயிரும். ஞாயித்துக்கிழம பொழுது சாயக் கலகெதர பஸ் புடிச்சு வருவாரு, திங்கக்கிழம விடியறதுக்குள்ள போயிருவாரு. லயத்து நாய்க்கே இவரு புருசனா விருந்தாளியான்னு கடைசி வரைக்கும் தெரியல. கொரைச்சுக்கிட்டே இருந்துச்சு.

— வேலை போகும்னு யாரும் என்கிட்ட சொன்னதில்ல நானா. நானாத்தான் பயந்தேன்.

— இத இன்னைக்குத்தான் சொல்றீங்க.

— முந்தாநாள்தான் எனக்கே தெரிஞ்சுது. எங்க மிஷன் பெரிய ஐயர்கிட்டப் போயி எல்லாத்தையும் சொன்னேன். கண்ணாடியக் கழட்டித் தொடச்சாரு. 'இதுக்கா இத்தனை வருசம் ஒளிஞ்சிருந்த?'ன்னாரு. அவ்வளவுதான்.

— அல்லாவே.

— விடிஞ்சதும் இங்க வந்தேன். நேத்து ஆபீசருக்கு முன்னால நின்னு, இவ என் சம்சாரம்னு சொன்னேன். கோயில் பேரு, கல்யாணத்துக்கு வந்தவங்க, குடும்பம், எல்லாம் கேட்டாரு. சொன்னேன். இன்னைக்கு இவளக் கூப்பிட்டு, 'இவரு உன் புருசனா'ன்னு கேப்பாரு. ஆமான்னா போதும். அப்பா மனுவுலேருந்து இவ பேர வெட்டிருவாங்க. இங்கேயே இருக்கலாம்.

— ஒரு வார்த்தை தானே தங்கச்சி?

— ஒரே வார்த்தை நானா. இவரு அத நேத்து வந்து சொன்னாரு பாருங்க, அந்தச் சந்தோசத்துல எங்கப்பன் கட்டி வச்ச மூட்டையப் பிரிச்சு என் சீலை ரெண்டையும் வெளிய எடுத்துட்டேன். தம்பிக்காரன் ஒண்ணும் சொல்லல. எங்கப்பன் மட்டும் கையால தடவிப் பாத்தாரு. 'மூட்ட எளச்சுப் போச்சே'ன்னாரு. கண்ணு மங்கல் அவருக்கு.

— வயசான மனுசன். ஊருக்குப் போறது சந்தோசம்தானே?

— எந்த ஊருக்கு நானா? அவரு பொறந்ததே கலகெதரையிலதான். அம்மிக்கல்லக் கொண்டுபோவேன்னு ஒரே அடம். ரயில்ல ஏத்த மாட்டாங்கன்னு சொல்லி, பக்கத்து வூட்டு பாலம்மாவுக்குக் குடுக்க வச்சோம். இப்ப காலையில எந்திரிச்சதும் பாலம்மா வூட்டுக்குப் போயி அந்த அம்மிக்குப் பக்கத்துல ஒக்காந்துக்கிறாரு. அவர அப்படியே விட்டுட்டு எப்படி இருக்கிறது? ஆனாலும் இருந்துக்கிறேன்னு சொல்லிட்டேன். புருசன் கூப்பிட்டாச்சு.

— இன்னும் உள்ளுக்கு நெறைய சனம் ஈக்கி. வெறும் வயித்துல ஒக்காராம பாண் ஒரு துண்டு தின்னுங்க. கியூவுல நிண்டு வாங்கின பாண், நேத்தையது.

— வேணாம் நானா. எறங்காது. ஏங்க, அந்த லாம்புக் கதையச் சொல்லுங்களேன்.

— இப்பவா?

— அதக் கேட்டா பயம் கொஞ்சம் அடங்கும். நீங்க அத மொதல்ல சொன்ன அன்னைக்கும் இப்படித்தான் பயந்து கெடந்தேன். லாம்புத் திரியத் தாழ்த்தப் போனேன், நீங்க கையப் புடிச்சு, 'இது எங்கேருந்து வந்துச்சு தெரியுமா'ன்னு கேட்டீங்க. தோட்டத்துக் கோப்ரட்டிச் சங்கக் கடையிலேருந்துன்னு சொன்னேன்.

— அதக் கேட்டு நான் சிரிச்ச சத்தத்துல பக்கத்து லயக் காம்பராக்காரங்க முழிச்சுட்டாங்க.

— சொல்லுங்க.

— கிதியோன் ராத்திரியில சண்டைக்குப் போறான். பானைக்குள்ள தீவட்டிய மறைச்சு எடுத்துட்டுப் போறாங்க. அந்தத் தீவட்டிக்கு எபிரேயத்துல லப்பீத். கிரேக்கத்துல தீவட்டிக்கு லாம்பாஸ். கிட்டத்தட்ட ஒரே சத்தம். அந்த லாம்பாஸ் லத்தீனுக்குப் போயி, போர்த்துகீசக்காரன், இங்கிலீசுக்காரன் வாயில ஏறி, கப்பல்ல வந்து, உன் காம்பரா ஆணியில லாம்பாத் தொங்குது.

— அப்ப எங்கட கடை லாம்பும் தவ்றாத்து வேதத்து லாம்பா தம்பி?

— கிரேக்கத்துலேருந்து இங்க வந்த பாதை நிச்சயம் நானா. எபிரேயத்துக்கும் கிரேக்கத்துக்கும் நடுவுல என்ன நடந்துச்சுன்னுதான் தெரியாது. இவன் அவன்கிட்ட வாங்கினானா, அவன் இவன்கிட்ட வாங்கினானா, ரெண்டு பேரும் வேற யார்கிட்டயோ வாங்கினாங்களா. இருக்கலாம்னுதான் சொல்லலாம். நிரூபிக்க முடியாது.

— நிரூபிக்கலன்னா லாம்பு எரியாதா?

— எரியும் புள்ள. அன்னைக்கும் நீ இதத்தான் கேட்ட.

— நல்ல கேள்வின்னு தலையத் தடவினீங்க. அதோட சரி, பதில் இன்னும் வரல.

— தம்பி, கால அந்தப் பக்கம் எடுங்க. இந்தச் சாக்க உள்ளுக்குப் போடணும், மழ வாற மாதிரி ஈக்கி. கரிச் சாக்கு, சீல அழுக்காகிரும் தங்கச்சி.

— பாரு மூக்காயி, இதுவும் அப்படித்தான். எபிரேயத்துல சாக். கிரேக்கத்துல சாக்கோஸ். நம்ம வாயில சாக்கு. உலகத்துல இத்தனை பாஷை சுத்தியும் தேயாம வந்த வார்த்தை. வேதத்துல சாவு வீட்டுல அதத்தான் கட்டுவாங்க. தமிழ் வேதத்துல இரட்டுன்னு போட்டுட்டாங்க. மகன் யோசேப்பு செத்துட்டான்னு நெனச்சு யாக்கோபு கட்டினது அந்தச் சாக்குத்தான்.

— எங்க கட்டினாரு?

— இடுப்புல.

— எனக்கும் இடுப்புலதான் இருந்துச்சு.

— மூக்காயி, வேணாம். தெரியாம ஆரம்பிச்சுட்டேன்.

— கொழுந்து எடுக்கையில கட்டுற சாக்கு. மலையில நிக்கிறேன். புள்ளைகளப் பாத்துக்கிற புள்ளக்காம்பராவுலேருந்து ஆளு ஓடி வந்துச்சு. சாக்க அவுக்கக்கூட இல்ல. அதோட ஓடிப் போயி, அதோட தூக்கிட்டு, அதோட டிஸ்பென்சரிக்குப் போனேன். அவுக்கணும்னு தோணினப்ப எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. அன்னைக்கு இது வேதத்துல உள்ள சாக்குன்னு தெரியாது எனக்கு.

— புள்ளையா தங்கச்சி?

— மகன் நானா. குப்புற விழுந்து தலையத் தூக்கிப் பாக்கிற வயசு. காச்சல்தான். வேற ஒண்ணும் இல்ல.

— இன்னாலில்லாஹி. பேரென்ன மகனுக்கு?

— அதத்தான் இவரு தேடிக்கிட்டு இருந்தாரு.

— தேடினது உண்மை நானா. சந்தேகமில்லாத ஒரு பேரு வைக்கணும்னு நெனச்சேன். பினெகாஸ்னு வைக்கலாம்னு இருந்தேன். பாத்தா அது எகிப்துப் பேருன்னு ஒருத்தர் எழுதியிருக்காரு. மோசேயும் அப்படித்தானாம். யாப்பேத்னு நெனச்சேன். கிரேக்கன் பழங்கதையில இயாபெத்தோஸ்னு ஒருத்தன் இருக்கான், அவனும் இவனும் ஒண்ணோ என்னமோன்னு சண்ட போட்டுக்கிறாங்க. எந்தப் பேர எடுத்தாலும் அடியில வேர் ஆடுச்சு. மகனுக்கு வைக்கிற பேரு ஆடக்கூடாதுன்னு நெனச்சேன்.

— வாரா வாரம் ஒரு பேரு கொண்டு வருவாரு நானா. மறு வாரம் அத வேணாம்பாரு. முப்பதாம் நாளு கும்புட்டப்பவும் பேரு வைக்கல. புள்ளக்காம்பரா ஆயா நல்லம்மா தெனமும் கேப்பா. 'அவங்கப்பா பாத்துக்கிட்டு இருக்காரு'ன்னு சொல்லுவேன். அவ வேற வழியில்லாம 'அடேய்'னு கூப்பிடுவா. அதுக்கும் சிரிக்கும்.

— ஒங்களுக்குத் தோணின பேர வச்சீக்கலாமே தங்கச்சி.

— சொன்னேன் நானா. எனக்கு முன்னால எங்காத்தாளுக்குப் பொறந்தது ஒண்ணும் நிக்கல. நான் பொறந்த ஒடனே மூக்கக் குத்தி, மூக்காயின்னு பேரு வச்சாங்க. அப்படிக் குத்திப் பேரு வச்சா எமன் தொடமாட்டான்னு எங்க சனத்துல ஒரு நம்பிக்க. நான் நின்னேன். அதனால இதுக்கும் குத்தி மூக்கன்னு வைப்போம்னு கேட்டேன்.

— நான் அஞ்ஞானம்னு சொன்னேன்.

— வேதத்துலயே ரெபெக்காளுக்கு மூக்குல போட்டாங்கன்னு நீங்கதானே வாசிச்சுக் காட்டினீங்கன்னு கேட்டேன். அது மூக்குத்தி, இது மூடநம்பிக்கன்னீங்க.

— அப்படித்தான் சொன்னேன்.

— குத்தியிருந்தா நின்னிருக்குமான்னு எனக்குத் தெரியாதுங்க. குத்தல. அது மட்டுந்தான் தெரியும்.

— அடக்கத்துக்கு நீங்க போனீங்க தானே தம்பி?

— தந்தி மிஷனுக்கு வந்துச்சு. பெரிய ஐயர் கையிலதான் குடுத்தாங்க. 'யாரு இது, ஒனக்கு வேண்டியவங்களா?'ன்னு கேட்டாரு.

— நீங்க என்ன சென்னீங்க?

— தெரிஞ்ச குடும்பம்னு சொன்னேன். தெரிஞ்ச குடும்பத்துக் கொழந்தைக்காக வகுப்ப விட்டுட்டு ஓட முடியுமா? கரும்பலகையில கிரேக்கத்தையும் எபிரேயத்தையும் பக்கத்துல பக்கத்துல எழுதினேன். கை பாட்டுக்கு எழுதுச்சு. வகுப்பு முடிஞ்சு பஸ் புடிச்சு வந்து சேர்றப்ப பொழுது சாஞ்சிருச்சு. மண்ணு ஈரமா இருந்துச்சு. இவ அதுக்குப் பக்கத்துல ஒக்காந்திருந்தா. இடுப்புல சாக்கு.

— போதுங்க. நானாவுக்கு யாவாரம் கெடுது.

— யாவாரம் கெடக்குது தங்கச்சி.

— அதெல்லாம் நேத்தோட முடிஞ்சு போச்சு நானா. நெசமாத்தான் சொல்றேன். ரொம்ப நாளு இவரு மொகத்தப் பாக்கப் புடிக்காம இருந்தேன். நேத்து வந்து, 'சொல்லிட்டேன் மூக்காயி, எல்லாத்தையும் சொல்லிட்டேன்'னு வாசப்படியிலயே நின்னு அழுதாரு. எல்லாத்தையும்னு சொன்னப்ப எனக்கு உள்ளுக்குள்ள ஒரு கட்டி ஒடஞ்ச மாதிரி இருந்துச்சு. என் புள்ளையையும் ஒரு ஆபீஸ்ல, ஒரு பெரிய மனுசனுக்கு முன்னால, அவங்கப்பா வாயால சொல்லிட்டாருன்னு.

— நானா, யாரோ கூப்பிடுறாங்களே.

— ஒங்களத்தான் தங்கச்சி. இராமையா மகள் மூக்காயின்னு கூப்பிடுறான் பியூன். போங்க, போங்க.

— கொண்டை சரியா இருக்கா?

— சரியா இருக்கு. போ புள்ள. பயப்படாத. ஒரே வார்த்தை.

— டீய அப்படியே வச்சிருங்க. வந்து குடிக்கிறேன்.

— நல்ல புள்ள, தம்பி.

— எனக்குத் தெரியும் நானா. எத்தனையோ வருசமாத் தெரியும். தெரிஞ்சு என்ன செஞ்சேன்?

— இப்ப செஞ்சிட்டீங்களே. டீயக் குடிங்க. அந்த வார்த்தை, என்னமோ ஊர் தெரியாத வார்த்தைன்னு சென்னீங்களே, அத என்ன செய்யப் போறீங்க?

— அதப் பத்தி ஒரு கட்டுரை எழுதிக்கிட்டு இருந்தேன். அவ கிரேக்கத்துக்காரிதான்னு நிரூபிக்கப் பாத்தேன். இப்ப மாத்தி எழுதப் போறேன். எங்கேருந்து வந்தா என்ன? எபிரேய வேதத்துல வந்து நின்னுட்டா, அங்கேயே வாழ்ந்தா, அங்கேயே புள்ளை பெத்தா. அப்ப அவ அந்த ஊர்க்காரிதான். இனி அவள யாரும் திருப்பி அனுப்பக் கூடாதுன்னு எழுதப் போறேன்.

— நல்லா ஈக்கி. முடிவா அதத்தான் எழுதணும்.

— பிலிமத்தலாவையில ஒரு வீடு பாத்து வச்சிருக்கேன் நானா. சின்ன வீடு. முன்னால ரோசாச் செடி வைக்க எடம் இருக்கு. இவள நேர அங்க கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கேன். இன்னும் சொல்லல.

— சொல்லாம வச்சீக்கிறதே ஒங்களுக்குப் பழக்கமாப் போச்சு தம்பி.

— இது நல்ல சங்கதி. வெளிய வந்ததும் சொல்லுவேன்.

— எனக்கு எத்தன புள்ளன்னு நீங்க கேக்கல்ல.

— மன்னிக்கணும். எத்தன பேரு?

— ஆறு. நாலு ஊட்டுல, ரெண்டு மையவாடியில, மண்ணுக்குள்ள. சங்கக் கடையில கூப்பனுக்குக் கேட்டா நாலுன்னு செல்லுவன், பொய் சென்னா குத்தம். ஆனா எங்கட ஊட்டுல புள்ளைகள்ட உம்மாவுக்கு முன்னால எவனும் நாலுன்னு செல்ல ஏலாது. ஒரு நாள் வாய் தவறி நாலுன்னு சென்னன். அண்டைக்குப் பகல் சோறு எனக்கில்ல. சுபஹுத் தொழுகைக்கு எழும்பி ரெண்டு பேர் பேரையும் செல்லி துஆ கேட்டுட்டுத்தான் அவ அடுப்புப் பத்த வைக்கிற. நேத்து ஆபீசர் ஒங்ககிட்ட புள்ள குட்டி கேட்டாரா?

— கேட்டாரு. எல்லாந்தான் கேட்டாரு.

— என்ன சென்னீங்க?

— சுருக்கமாத்தான் சொன்னேன் நானா. கூட்டமா இருந்துச்சு. அதோ, கதவு தொறக்குது. அவதான். வர்றா.

— மெதுவா வாரா.

— என்ன மூக்காயி? பேர வெட்டிட்டாங்களா?

— டீ ஆறிருச்சா நானா?

— வேற ஊத்தித் தாரன் தங்கச்சி.

— வேணாம். இதையே குடிக்கிறேன்.

— என்ன சொன்னாரு? சொல்லு புள்ள.

— நல்ல மனுசன். மெட்ராஸ் பக்கத்து ஆளு போல. கதிரையில ஒக்காரச் சொன்னாரு. ஒரு ஆபீஸ்ல நான் கதிரையில ஒக்காந்தது இதாங்க மொதத் தரம். ஓரமா ஒக்காந்தேன். நல்லா ஒக்காரும்மான்னாரு.

— கேட்டாரா?

— கேட்டாரு. நேத்து ஒருத்தர் வந்து நீ அவரு சம்சாரம்னு சொல்லிட்டுப் போனாரு, சரியாம்மான்னு கேட்டாரு.

— ஆமான்னு சொன்ன.

— சொல்லத்தான் வாயத் தொறந்தேன். 'பொறும்மா, அவரு சொன்னத ஒண்ணொண்ணாச் சொல்றேன், சரியான்னு பாத்துச் சொல்லு'ன்னாரு. கோயில் பேரு சரி. எங்கப்பன் பேரு சரி. தாலி எடுத்துக் குடுத்தவரு பேரு சரி. மழ பேஞ்சத எல்லாம் சொல்லியிருக்கீங்க. ஒண்ணையும் மறக்கல நீங்க. எனக்கு அழுகை வந்துச்சு. அவரு சிரிச்சாரு.

— எல்லாம் சரியாத்தான் சொன்னேன்.

— கடைசியா, 'பிள்ளைகள் இல்லை'ன்னாரு.

— மூக்காயி.

— எனக்குக் காது கேக்கலையோன்னு இன்னொரு தரம் கேட்டேன். அவரு பொறுமையா இன்னொரு தரம் சொன்னாரு.

— உசிரோட இருக்கிற புள்ளையத்தானே கேப்பாங்க? நான் அப்படித்தான் புரிஞ்சுக்கிட்டேன். பதியாத புள்ள. நானே இன்னும் பேரு வைக்கல. பேரே இல்லாத புள்ளைய அங்க என்னன்னு சொல்றது?

— பேரு இருந்துச்சுங்க.

— என்ன?

— குழியில எறக்கிறதுக்கு முன்னால நல்லம்மாகிட்ட ஊசி வாங்கி நானே மூக்கக் குத்தினேன். ரத்தம் வரல. மூக்கான்னு கூப்பிட்டுட்டுத்தான் மண்ணு தள்ளினேன். எங்கப்பனுக்குத் தெரியும். வந்திருந்த சனம் எல்லாத்துக்கும் தெரியும். நீங்க சாயங்காலந்தான் வந்தீங்க. என்னைக்காவது ஒரு நாளு, புள்ளைக்கு நீ மனசுக்குள்ள என்ன பேரு வச்சிருந்தேன்னு கேப்பீங்கன்னு காத்துக்கிட்டே இருந்தேன்.

— நான் உள்ள போறேன். தப்பாச் சொல்லிட்டேன்னு சொல்றேன். நானா, கொஞ்சம் வழி விடுங்க, அவருகிட்ட ஒரு நிமிசம்...

— போகாதீங்க. அவரு எழுதி முடிச்சுட்டாரு. எங்கப்பன்கூட ரயில் ஏறிருவேன். மூட்டையில சீலை ரெண்டையும் திரும்ப வைக்கணும்.

— நீ அவருகிட்ட என்னதான் சொன்ன?

— என் புருசன் மூக்கனோட அப்பா, ஐயா. நேத்து வந்தவருக்குப் புள்ளையே இல்லையாமே, அப்ப அவரு வேற யாரோன்னு சொல்லிட்டேன்.